பூவரசன் கட்டிய மஞ்சள் வெட்டுக்கிளி

ஒரு காட்டில், சிக்னல் கிடைக்காமல் புலிகூட மரத்தில் ஏறி நின்ற காலத்தில், பூவரசன் என்றொரு காட்டுப்பூனை இருந்தது. நல்ல பூனை. என்ன ஒன்று, தண்ணீரைக் கண்டால் நடுங்கும். அதே பூனை குமுதவல்லி என்ற பூனையின் மேல் உயிரையே வைத்திருந்தது.

அந்தக் காட்டுப் பூனைகளுக்கு ஒரு பழக்கம். பெண்ணைப் பெற்றவர் கண்ணெதிரே மாப்பிள்ளை ஆற்றில் ஒரு மீனாவது பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பெண் கிடையாது. அடுத்த வரன் தயாராக இருப்பான்.

தண்ணீரில் கால் வைக்காமல் மீன் பிடிப்பது எப்படி? பூவரசன் செல்போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டது. நூலாலும் இறகாலும் தூண்டில் முள்ளில் ஒரு பொய் வெட்டுக்கிளி கட்ட வேண்டும். அதைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டால் நிஜப் பூச்சி என்று நினைத்து மீன் கவ்வும். கட்டுவது சுலபம். எந்த நிறத்தில் கட்டுவது என்பதில்தான் வந்தது வம்பு.

பூவரசனுக்குக் கிரகம் சரியில்லை. போயும் போயும் காட்டு வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டது.

“பச்சை. இதில் என்ன சந்தேகம்?” என்றது கிளி.

“நீலம் வைத்துப் பார் தம்பி, சும்மா தகதகவென்று இருக்கும்,” என்றது மயில்.

“கறுப்பு எதுக்கும் மேட்ச் ஆகும்,” என்றது காகம். ராத்திரிக்குள் சண்டை முற்றி மூன்று பேர் குழுவை விட்டே வெளியேறினார்கள். மீனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை.

வெறுத்துப்போன பூவரசன் ஆற்றங்கரைக்குப் போனது. கோடை. புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்த ஒரு நிஜ வெட்டுக்கிளியைப் பிடித்து மல்லாக்கத் திருப்பியது.

“யோவ், என்னய்யா பண்றே?” என்று அலறியது வெட்டுக்கிளி.

“கோவிச்சுக்காதே. மீன் உன்னைக் கீழே இருந்துதானே பார்க்கும்? வயிறு என்ன நிறம்னு பார்க்கிறேன்.”

வயிறு வெளிறிய மஞ்சள். பூவரசன் மன்னிப்புக் கேட்டு அதை விட்டுவிட்டு, அதே மஞ்சளில் ஒன்று கட்டியது. அடடா, என்ன புத்திசாலித்தனம்! கதை இங்கேயே முடிந்திருந்தால் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் போடலாம்.

மறுநாள் குமுதவல்லியோடு அவள் அப்பா தாண்டவராயன் வந்தார். பூனைதான், ஆனாலும் பெண்ணைப் பெற்றவர். ‘அவர்’ என்றே சொல்லிவைப்போம், நமக்கெதற்கு வம்பு.

அவர் மஞ்சளைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். “இதென்ன, காமாலை வந்த மாதிரி? எங்கப்பா காலத்திலிருந்து எங்க வீட்டில் சிவப்புதான்,” என்று மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒன்றை எடுத்து நீட்டினார். பூவரசன் அதை வாங்கித் தூண்டிலில் கட்டி வீசியது.

ஒரு மீன்கூடக் கவ்வவில்லை. வந்த ஒன்றிரண்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

“காத்து சரியில்லை,” என்றார் தாண்டவராயன். கொஞ்ச நேரம் கழித்து, “உன் ராசி சரியில்லை,” என்றார். பொழுது சாயச் சாய பூவரசன் ஓரக்கண்ணால் தன் மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தது. குமுதவல்லி அழுதுவிடுவாள்போல் நின்றாள்.

நல்லவேளையாக அவர் கண்ணயர்ந்தார். பூவரசன் மளமளவென்று சிவப்பை அவிழ்த்து மஞ்சளைக் கட்டி வீசியது. விழுந்த மாத்திரத்தில் ‘பளக்’கென்று கவ்வியது ஒரு பெரிய கெண்டை! கரைக்கு இழுத்துப் போட்டபோது தாண்டவராயன் துள்ளி எழுந்தார்.

“பார்த்தியா? சொன்னேனா இல்லையா? சிவப்பு!”

கெண்டையின் உதட்டில் மஞ்சள் பூச்சி பளிச்சென்று தொங்கியது. அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

“என்னடா இது, மஞ்சளா இருக்கு?”

குமுதவல்லி மூச்சை அடக்கிக்கொண்டாள். பூவரசன் ஒரு நொடி அவளைப் பார்த்தது. ஒரு நொடி அவரைப் பார்த்தது.

“சிவப்புதான் மாமா. தண்ணியில் ஊறிச் சாயம் போயிடுச்சு.”

தாண்டவராயன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. “அதானே! இப்போ வர நூலெல்லாம் மட்டம் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு நல்ல முகூர்த்தமாப் பாரு!”

கெண்டைக்குப் பொறுக்கவில்லை. சாகக் கிடக்கிற நேரத்திலும் தலையைத் தூக்கி, “பொய் பெரியவரே! நான் மஞ்சளைப் பார்த்துத்தான் வந்தேன். சத்தியமா மஞ்சள்!” என்று கத்தியது.

தாண்டவராயன் அதை ஏற இறங்கப் பார்த்தார்.

“போடா, மீனுக்கு என்ன தெரியும் தூண்டிலைப் பத்தி?” என்று சொல்லி முதல் கடி கடித்தார்.

நீதி: மீனுக்குப் பிடித்த நிறத்தில் கட்டு, மாமனாருக்குப் பிடித்த நிறத்தைச் சொல். சாட்சியைச் சாப்பிட்டுவிடு.