வெந்துவிட்டதா என்று திறந்து பார்ப்பவர்

திறந்து பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. தேடிக்கொண்டு எங்கும் போக வேண்டாம், உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே மூடியும் கையுமாக நின்றுகொண்டிருப்பார். விதை ஊன்றிய மறுநாள் மண்ணைத் தோண்டி, முளை விட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றதும் அதையே திரும்பப் புதைத்து, அதற்கடுத்த நாள் மறுபடியும் தோண்டி, கடைசியில் செத்த விதையைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போகிறவர் அவர்தான். பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று சுவரில் விரல் பதிக்கிறவர் அவர்தான். "தூங்கிட்டியா கண்ணு?" என்று கேட்டுக் குழந்தையை எழுப்பி விடுகிறவரும் அவரேதான். கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் கஷ்டம். கெட்ட எண்ணம் இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். இவர் அக்கறையில் அல்லவா பார்க்கிறார்?

நாம் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் அவருக்கு மூடிதிறப்பார் என்று பெயர். கூரியர் அலுவலகத்தில், தங்கள் பார்சல் எங்கே என்று போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. "வந்துட்டிருக்கு சார். சும்மா சும்மா கேட்டா சீக்கிரம் வந்துடுமா? கொஞ்சம் பொறுமையா இருங்க" என்று காலையிலிருந்து மாலை வரை ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே ஃப்ரிட்ஜைத் திறந்து, ஐஸ் உறைந்துவிட்டதா என்று தட்டில் விரலை விடுவார். அந்த வீட்டில் ஐஸ்கட்டியை முழுசாகப் பார்த்தவர் யாருமில்லை.

இந்தக் குணத்தால்தான் தம்பியோடு பேச்சு நின்றது. தம்பிக்கு முழங்காலில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த அண்ணன், தம்பி அசந்து தூங்குகிற சமயம் பார்த்து, தையல் ஒட்டியிருக்கிறதா என்று கட்டை அவிழ்த்துப் பார்த்தார். பார்த்தாரா, அத்தோடு விட்டாரா? நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று லேசாக இழுத்தும் பார்த்தார். தம்பி போட்ட சத்தத்தில் பக்கத்து அறை நோயாளிக்கு மயக்கமே தெளிந்துவிட்டது. அன்றோடு தம்பி இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மூடிதிறப்பாருக்கோ தம்பி என்றால் உயிர். தம்பி வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. "அக்கறையிலதானே பாத்தேன்?" என்று மனைவியிடம் கேட்டுக் கேட்டு, அவளும் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

நடுவில் புகுந்தவள் மகள். கெஞ்சியோ மிரட்டியோ, சித்தப்பாவை ஒரு ஞாயிறு மாலை டீக்கு வரச் சம்மதிக்க வைத்தாள். அவருக்குப் பிடித்த ஆப்பிள் பிரெட்டை, பட்டைத்தூள் மணக்க மணக்க வீட்டிலேயே செய்துவிடலாம் என்றும் முடிவாயிற்று.

"ரொம்ப ஈஸிப்பா. ஈஸ்ட் வேண்டாம், பிசைய வேண்டாம், மாவு பொங்கக் காத்திருக்க வேண்டாம். கலக்கணும், ஊத்தணும், ஓவன்ல வைக்கணும். அவ்வளவுதான்."

"நான் என்ன செய்யணும்?"

"நீங்க ஒண்ணுமே செய்யாம இருக்கணும்."

ஈஸி என்கிறாளே! ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிடப் பெரிய வேலை இவருக்கு வேறு உண்டா?

ஆனாலும் தம்பி வருகிறான் அல்லவா? காலையிலேயே களத்தில் இறங்கிவிட்டார். முதலில் பேக்கிங் பவுடர். பழைய டப்பா, வேலை செய்யுமோ செய்யாதோ? ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் போட்டார். புஸ்ஸென்று நுரைத்தது. பரவாயில்லை, வேலை செய்கிறது. ஆனால் மேலே இருந்ததுதானே வேலை செய்தது, நடுவில் இருப்பது? அதையும் போட்டார். நுரைத்தது. அடியில் இருப்பது? மகள் வந்து டப்பாவைப் பிடுங்கியபோது, டப்பா முழுவதும் நல்ல பவுடர் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகி, கடைசியாக ஒரே ஒரு ஸ்பூன் மிஞ்சியிருந்தது.

அந்த ஒரு ஸ்பூனைத் தங்கத்தைப் போல மைதாவில் கலந்தாள். வெண்ணெயும் சர்க்கரையும் குழைந்தன, முட்டை விழுந்தது, பால் சேர்ந்தது. பொடியாக நறுக்கிய ஆப்பிளைப் பழுப்புச் சர்க்கரையிலும் பட்டைத்தூளிலும் புரட்டி, பாதி மாவின் மேல் பரப்பி, மீதி மாவை ஊற்றி, மிச்ச ஆப்பிளை மேலே தூவி, பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்தாள். வைத்துவிட்டு அப்பாவை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"ஒரு மணி நேரம். கதவைத் திறந்தா சூடு போயிடும், நடுவுல பொத்துனு உக்காந்துடும். திறக்கவே கூடாது. புரியுதா?"

"உள்ள பல்பு எரிஞ்சா நான் எதுக்கும்மா திறக்கப் போறேன்?"

"பல்பு நல்லாத்தான் எரிஞ்சுது" என்றாள் மனைவி. "நல்ல பல்பான்னு கழட்டிப் பாத்து உடைச்சது யாரு?"

மகள் குளிக்கப் போனாள். மனைவி டீக்குப் பால் போதாதென்று கடைக்குப் போனாள். அவர்கள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

முதல் தடவை திறந்தது, பிரெட் எழும்புகிறதா என்று பார்க்க. இரண்டாம் தடவை, முதல் தடவை திறந்ததால் ஏதாவது கெட்டுவிட்டதா என்று பார்க்க. மூன்றாம் தடவை, ஓவன் கதவு இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று பார்க்க. அதைத் திறந்து மூடாமல் வேறு எப்படிப் பார்ப்பது? பிறகு ஒரு பல்குச்சியை எடுத்துக் குத்தினார். மாவு ஒட்டியது. இங்கே வேகவில்லை என்றால் அங்கே வெந்திருக்கலாமே என்று அங்கே குத்தினார். இடையிடையே தம்பி மனைவிக்கு போன். "கிளம்பிட்டானாம்மா?" "சட்டை போட்டுட்டிருக்காருங்க." "எந்தச் சட்டை? முழுக்கையா? பட்டன் எல்லாம் போட்டுட்டானா?" அந்த அம்மாள் போனை அணைத்து வைத்துவிட்டாள்.

மனைவி பாலோடு திரும்பியபோது அவர் ஓவன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருந்தார். முகம் மட்டும் நன்றாக வெந்திருந்தது.

பிரெட் வெளியே வந்தது. நாலு ஓரமும் மலர்ந்து, நடுவில் மட்டும் பெரிய பள்ளம், பூனை படுத்து எழுந்துபோன தலையணை மாதிரி. போதாக்குறைக்கு உடம்பெல்லாம் சல்லடை. மகள் கண்ணில் நீர் கோத்துக்கொள்ள தட்டை எடுத்து வைத்தாள். அப்போது பார்த்து வாசல் மணி அடித்தது.

தம்பி லேசாகக் காலைத் தாங்கி நடந்து வந்து, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார். முழங்கால் மேல் ஒரு குஷனை வைத்துக்கொண்டார், முன்னெச்சரிக்கையாக. மகள் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தாள். நடுப்பள்ளத்தில் ஆப்பிளும் சர்க்கரையும் வெண்ணெயும் இறங்கித் தேங்கி, மிட்டாய்ப் பதத்துக்கு இறுகியிருந்தன. தம்பி கடித்தார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"திறந்து பாத்தியா?" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு.

"ஒரே ஒரு தடவைடா."

மகள் இருமினாள். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். குஷன் கீழே விழுந்தது, அதை அவர் எடுக்கவில்லை. "எனக்கு அந்த நடுத்துண்டுதான் வேணும். யாரும் தொடக் கூடாது" என்றார். மனைவி நிம்மதியாக மூச்சுவிட்டாள். காரியம் முடிந்தது. இனி யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வானிலையைப் பற்றிப் பேசலாம்.

மூடிதிறப்பார் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். டீயைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தம்பி முகத்தைப் பார்த்தார். சிரிக்கிறான், ஆனால் மேலே சிரிக்கிறான். உள்ளே?

"கோபம் போயிடுச்சாடா?"

"போயிடுச்சுண்ணா."

"முழுசாவா?"

"முழுசா."

"என்னங்க" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இரு. இல்லடா, ஆஸ்பத்திரியில நான் தையலை இழுத்தேனே, அந்த வலியை இப்ப நல்லா நினைச்சுப் பாரு. நினைச்சா கொஞ்சமாவது கோபம் வருதா?"

தம்பி நல்லவர், அண்ணன் சொன்னபடி நினைத்துப் பார்த்தார். நன்றாகவே நினைத்துப் பார்த்தார். முகம் சிவந்தது.

"வருது" என்று எழுந்தார். கையிலிருந்த பாதித் துண்டோடு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். தம்பி போய்விடவில்லை. படிக்கட்டில் முதல் படியிலேயே முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கோபம் அப்படித்தான், யாரும் கிளறாமல் விட்டால் தானாக அடங்கிவிடும். இப்போதே பாதி அடங்கிவிட்டது. நடுத்துண்டு தட்டிலேயே கிடக்கிறதே என்ற கவலையும் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் அவர் பாட்டுக்கு விட்டால் எழுந்து வந்து மணியடிப்பார். யாராவது கதவைத் திறந்து "கோபமா போறியா?" என்று கேட்டால் படியிறங்கிவிடுவார், பிறகு இந்தப் பக்கமே வரமாட்டார்.

கதவுக்கு இந்தப் பக்கம் மூடிதிறப்பார். கை தாழ்ப்பாளில் இருக்கிறது. கண் கலங்கியிருக்கிறது. "வேண்டாங்க, அவர் தானா வருவாருங்க" என்கிறாள் மனைவி. மகள் முகத்தைப் பொத்திக்கொள்கிறாள். "போயிட்டானான்னு மட்டும் பாத்துடறேனே..." என்கிறார் அவர், பாவம்.

திறந்தாரா?

அடடா, என்ன பதற்றம் உங்களுக்கு! இவ்வளவு நேரம் அந்த மனிதரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர், இப்போது உடனே தெரிந்தாக வேண்டும் என்று துடிக்கிறீர்களே, அது என்ன குணம்? அந்தத் தாழ்ப்பாளின் மேல் இருப்பது இரண்டு கைகள். ஒன்று உங்களுடையது. முதலில் அதை எடுங்கள்.