பதினோரு மொட்டையும் உன் சைக்கிளும்

நாராயணவனம்,
விகாரி வருஷம், ஆவணி மாசம்.

திருப்பதி ஸ்ரீ சேஷகிரி சைக்கிள் கம்பெனி முதலாளியும் என் மைத்துனனுமான சிரஞ்சீவி சிட்டிபாபுவுக்கு, உன் அக்காள் புருஷன் செங்கல்வராயன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கு நானும் உன் அக்காள் ரத்னம்மாவும் மகள் சுந்தரியும் உயிரோடு இருக்கிறோம். மற்றவர்கள் கடிதத்தில் நலம் என்று எழுதுவார்கள். நீ சைக்கிள் செய்ய ஆரம்பித்த பிறகு, எங்கள் தெருவில் உயிரோடு இருப்பதையே தனியாக எழுத வேண்டியிருக்கிறது. உன் நலம் அறிய ஆவல். உன் கம்பெனியின் நலத்தைத்தான் ஜில்லாவே அறிந்துவிட்டதே.

போன வருஷம் நீ இங்கே வந்து நாலு நாள் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, என் பங்காளிகள் பத்துப் பேரையும் கூட்டி வைத்து, "சீமை சைக்கிள்லாம் இதுங்கிட்ட வரமுடியுமா மாமா, ஏறி உக்காந்தா அதும்பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும்" என்று மார் தட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ சொன்னது பொய்யில்லை. போய்க்கொண்டேதான் இருக்கிறது. பிரேக்கைப் பிடித்தாலும் போகிறது, காலை ஊன்றினாலும் போகிறது, குளத்தைக் கண்டாலும் போகிறது. என் முகத்துக்காக அந்தப் பத்துப் பேரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள், நானும் ஒன்று வாங்கினேன். அதிலிருந்து, விழுகிறவன் ஒவ்வொருவனும் விழும்போதே "கோவிந்தா, உசிரு பொழச்சா முடி குடுக்கறேன்" என்று கத்துவதும், பிழைத்ததும் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வருவதும் வழக்கமாகிவிட்டது. தலையைப் பார்த்தே யாரிடம் உன் சைக்கிள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நம்ம ஊர் நாவிதர் துலுக்காணம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எல்லாத் தலையும் மலைக்கே போய்க்கினு இருந்தா நான் இன்னா துன்றது?" என்று சண்டைக்கு வருகிறார். நீயோ திருப்பதி வீதியில் சைக்கிளும் கையுமாக மொட்டைகள் திரிவதைப் பார்த்து, 'பக்தர்கள் விரும்பி ஏறும் சைக்கிள்' என்று நோட்டீஸ் அடித்தாய். உன்னைப் போன்ற புத்திசாலி நம்ம வம்சத்தில் இனிமேல் பிறக்காமல் இருக்க வேண்டும்.

பிரேக் ரப்பர் கேட்டு எழுதினால் என்ன பதில் போட்டாய்? "தங்கள் ஊர் ஆந்திராவா மெட்ராஸா என்று எல்லை முடிவாகாததால், எந்த ராஜ்யத்து வரி போட்டு அனுப்புவது என்று விளங்கவில்லை." சைக்கிளுக்குப் பணம் வாங்கும்போது நாங்கள் எந்த ராஜ்யம் என்று கேட்டாயா? கீழே விழும்போது அந்தப் பள்ளம் எந்த ராஜ்யம் என்று விசாரித்துவிட்டா விழுகிறோம்? இந்த லட்சணத்தில் போன வாரம் ஒரு சேதி வந்தது. பாங்கிக்காரன் உன்னை நெருக்குகிறானாம், ஆட்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக சைக்கிள் மணிகளை எடுத்துக் கொடுத்தாயாம், கம்பெனியை இழுத்து மூடப்போகிறாயாம். ஊரே பதறிவிட்டது. மூடிவிட்டால் ஒரு ஆணிக்குக்கூட எங்கே போவது? நாங்கள் கிளம்பிய நாளுக்கு மறுநாள் சுந்தரிக்கு நிச்சயதார்த்தம். ஆனாலும் பங்காளிகள் கேட்கவில்லை, "உன் மச்சான்தானே, நீ முன்னால நட" என்று விடியற்காலையிலேயே என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பதினோரு பேர், பதினோரு சைக்கிள். வடமாலைப்பேட்டை தாண்டி ஒரு இறக்கம் வருகிறதே, அதில் முன்னால் போன நான் ஒரு எருமைக்காக பிரேக் பிடித்தேன், அன்றைக்கென்று பார்த்து அது பிடித்துத் தொலைத்தது. எருமை பிழைத்தது. என் மேல் ஒருவன், அவன் மேல் ஒருவன் என்று பதினோரு பேரும் விழுந்து, பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்குள் போய்க் கிடந்தோம். விழுகிறபோது பதினோரு பேரும் ஒரே குரலாக வேண்டிக்கொண்டோம். எலும்பு முறியாததால் பதினோரு தலையும் கடன்பட்டது.

மலையில் மீசையோடு சேர்த்து வழித்துக்கொண்டு, இறங்கி உன் கம்பெனிக்கு வந்தோம். வாசலில் பூட்டு. காவல்கார பாலையா ஸ்டூலில் உட்கார்ந்து, சம்பளமாக வந்த மணியை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "முதலாளி எங்கே?" என்றால், "லேரு. கொண்டகு போயாரு" என்றான், நீ இல்லையாம், மலைக்குப் போய்விட்டாயாம். கடன்காரன் வந்தால் நீ மலைக்குப் போய்விடுகிறாய், நாங்கள் விழுந்தால் மலைக்குப் போகிறோம். அந்தச் சாமிக்கு நம் குடும்பத்தைத் தவிர வேறு வேலையே இல்லை போலிருக்கிறது.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி. மாப்பிள்ளை சந்திரன் புத்தூர் ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தா. அவன் அப்பா வெங்கடசாமி பாகாலாக்காரர். பெண் பார்க்க வந்தபோதே அவர், "எங்க பையனுக்கு பக்தி ஜாஸ்திங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா மலைக்குப் போயி முடி குடுத்துட்டு வந்துடுவான்" என்று பெருமையாகச் சொன்னார். பையனும் ரயில்வே தொப்பியைக் கழற்றாமல் அடக்கமாக உட்கார்ந்திருந்தான். சுந்தரிக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது, எனக்கும்தான். நிச்சயத்தன்று பெரியவர்கள் மட்டும் தட்டும் தாம்பாளமுமாக ஜட்காவில் வந்தார்கள். தெருமுனையில் வரவேற்க நாங்கள் நின்றோம். பங்காளிகள் பதினோரு பேர், மீசையும் இல்லாமல், ஒரே நாளில் வழித்த பளபளத் தலையோடு. சாவுக் காரியத்துக்கு அல்லாமல் பங்காளிகள் சேர்ந்தாற்போல் தலை வழித்து யாராவது பார்த்திருக்கிறார்களா? "ஐயையோ, எழவு வூடுடா, திருப்புடா வண்டிய!" என்று வெங்கடசாமி கத்தினார். வண்டி திரும்பியதைப் பார்த்து உன் அக்காள், "போச்சே, எம்பொண்ணு வாழ்வு போச்சே!" என்று வாசலில் விழுந்து ஒப்பாரி வைத்தாள். அதைக் கேட்டு வண்டி இன்னும் வேகமாகப் போயிற்று. மொட்டைகள் எல்லாம் பின்னால் ஓட, நான் எட்டிப் பிடிக்கலாம் என்று உன் சைக்கிளை எடுத்தேன். செயின் கழன்றது. அவர்கள் ஆற்றில் தண்ணீர் இருந்த இடமாகப் பார்த்துத் தலை முழுகிவிட்டு, "துக்கத்துல நல்லது பேசக் கூடாது, வருஷம் திரும்பட்டும், பாக்கலாம்" என்று ஜட்காக்காரனிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வருஷம் திரும்புகிறவரை அவர்களுக்கு வேறு பெண்ணா கிடைக்காது? சுந்தரி கட்டின பட்டுப் புடவையைக்கூட மாற்றாமல் சுவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். "நைனா, நம்ம வூட்ல யாரு செத்தாங்கன்னு சொல்லிப்பாங்க?" என்று கேட்டாள். அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். உன் அக்காள் மட்டும், "எந்தம்பி இன்னா பண்ணுவான், ரப்பர் கெடைக்கலன்னா?" என்கிறாள். இனி உன் கம்பெனி இருந்தால் என்ன, போனால் என்ன? மூடிவிடு. பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டும் போடு. ஆனால் அதற்கு முன்னால் நீ நேரில் பாகாலாவுக்குப் போய், இங்கே யாரும் சாகவில்லை, என் சைக்கிள்தான் காரணம் என்று வெங்கடசாமி எதிரில் ஒப்புக்கொள்ள வேண்டும். போகும்போது தலையில் முடியோடு போ. ரயிலில் போ.

உனக்கும் உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் ஒரு குறையும் வராமல் பெருமாள் காப்பாற்றட்டும். கம்பெனியை அவர் காப்பாற்ற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்
செங்கல்வராயன்

பின்குறிப்பு: கவரை ஒட்ட உன் அக்காள் சோற்றுப் பருக்கை கொண்டுவரப் போனபோது தெருவில் மணிச் சத்தம் கேட்டது. ஒரு சைக்கிள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய், கங்கையா வீட்டு வைக்கோல் போரில் மோதி நின்றது. யார் கம்பெனி சைக்கிள் என்று கேட்கவேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. வைக்கோலுக்குள்ளிருந்து மாப்பிள்ளை சந்திரன் எழுந்து வந்தான். தொப்பி எங்கேயோ விழுந்திருந்தது. மொட்டைத் தலை.

"எழவு வூடுன்னு எங்க நைனா வந்து சொன்னாரு மாமா. அங்க சைக்கிளுங்க சாத்தி இருந்துச்சான்னு கேட்டேன். ஆமா, வரிசையா இருந்துச்சு, ஒண்ணுத்துக்கும் மட்கார்டு இல்லைன்னாரு. அப்பவே எனக்குப் புரிஞ்சிபோச்சு, எழவு இல்ல, வேண்டுதல் மொட்டைன்னு நைனாகிட்ட சொல்லிட்டேன். வூட்ல என் மொட்டைய பக்தின்னு நெனச்சிக்கினு கீறாங்க, காட்டிக் குடுத்துடாதீங்க" என்றான். சுந்தரி கதவுக்குப் பின்னால் சிரித்தது தெருவரைக்கும் கேட்டது. நாளைக்கு வெங்கடசாமி மறுபடியும் தட்டோடு வருகிறார். தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வேறு எதுவும் கேட்கவில்லை, சீராக இதே கம்பெனி சைக்கிள் ஒன்று வேண்டுமாம். ரெண்டு இருந்தால், அதில் கழற்றி இதில் போட்டு எப்படியாவது ஒன்றை ஓட்டிக்கொள்வானாம்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் நான் எழுதவில்லை என்று நினைத்துக்கொள். பாங்கிக்காரன் காலில் விழுந்தாவது தை வரைக்கும் கம்பெனியை மூடாதே. கல்யாணத்துக்கு எல்லாரும் தலையில் முடியோடு நிற்க வேண்டும் என்பது உன் அக்காள் உத்தரவு. அதனால் சைக்கிளை யாரும் ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். மாட்டு வண்டியில் ஏற்றி, நன்றாகக் கட்டி அனுப்பு.