கிழமைக்கு ஒரு துண்டு

இனிமேல் வெள்ளிக்கிழமை தவறாமல் குடும்பச் சேமிப்பைச் சமப்படுத்துவது என்று அப்புத்துரையர் முடிவெடுத்தார். சாதாரண முடிவல்ல, கையை மேசையில் அடித்து எடுத்த முடிவு.

முப்பது வருடம் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து, ஓய்வு பெற்று மாங்குளத்து வீட்டில் இருப்பவர் அவர். ஓய்வுக் காசு வந்த கையோடு மனைவி நாகேஸ்வரி அதை மூன்றாகப் பிரித்திருந்தாள். ஒரு பங்கு வங்கியில் நிலையான வைப்பு. ஒரு பங்கு தங்கப் பவுண். மற்றப் பங்குக்கு எட்டு ஆடுகள். அவை ஒலுமடுவில், அவளுடைய தங்கை ராஜினியின் காணியில் நின்றன. ஒன்று படுத்தாலும் மற்றது தாங்கும் என்பது அவள் கணக்கு.

ஆனால் போனில் பார்த்த வீடியோவில் ஒரு நிபுணர் வேறு கதை சொன்னார். நாள் போக ஒரு பங்கு கொழுக்கும், இன்னொன்று மெலியும். கொழுத்ததில் வெட்டி மெலிந்ததில் போட்டுச் சமமாக்க வேண்டும். எத்தனை நாளைக்கு ஒருமுறை? அதைச் சொல்ல அவர் வாயெடுக்கவும் டேட்டா முடிந்துவிட்டது.

"வருசத்துக்கு ஒருக்காச் செய்தாலே காணுமப்பா," என்றாள் நாகேஸ்வரி.

"நான் கால் மணித்தியாலத்துக்கு ஒரு பஸ் அனுப்பினனான். வருசத்துக்கு ஒரு பஸ் விட்டால் சனம் என்ன செய்யும்? வெள்ளிக்கு வெள்ளி எதை விக்கிறது, எதை வாங்கிறதெண்டு ஒரு துண்டுக் கடதாசியிலை எழுதுவன்."

"ஆடு விக்கேக்கை தரகர் எடுப்பார். நகை விக்கப் போனால் கழிவெண்டு வெட்டுவினம். வைப்பை இடையிலை முறிச்சால் வட்டி போயிடும். கிழமைக்குக் கிழமை நீங்கள் துண்டு எழுதினால் கடைசியிலை எங்களுக்குத்தான் துண்டு விழும்."

"நான் எழுதித் தாறன். நீர் செய்யும்."

அவருக்கு முழங்கால் வருத்தம். அலைய வேண்டியவள் அவள்தான். "ஓமப்பா" என்றாள்.

வியாழன் முழுக்க அவர் கணக்குக் கொப்பியும் கண்ணாடியுமாக இருப்பார். வெள்ளி காலை துண்டு தயார்: 'ஆடு ஒன்று விற்கவும். காற்பவுண் வாங்கவும்.' அடுத்த வெள்ளி: 'காற்பவுண் விற்கவும். ஆடு ஒன்று வாங்கவும்.' நாகேஸ்வரி துண்டை மடித்து பேர்சில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். பின்னேரம் வருவாள்.

"எல்லாம் சரியோ?"

"எல்லாம் நல்ல இடத்திலை இருக்கப்பா."

வருடம் ஒன்று ஓடியது. ஆண்டு இறுதிக் கணக்கெடுப்புக்கு அவரே ஓட்டோ பிடித்து, மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஒலுமடுவுக்குப் போனார். கொப்பியின்படி ஆடு ஐந்து. காணியில் நின்றது பத்தொன்பது. திருப்பி எண்ணினார். பத்தொன்பதேதான்.

"ராஜினி, இதுகள் ஆரின்ரை ஆடுகள்?"

"உங்கடைதான் அத்தான். அந்த எட்டும் அதுகளின்ரை குட்டியளும்."

அப்புத்துரையர் மெல்லத் திரும்பினார். நாகேஸ்வரி ஒரு குட்டியின் காதை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒரு துண்டும் செய்யேல்லையோ?"

"இல்லையப்பா."

"அப்ப வெள்ளிக்கிழமையிலை?"

"இஞ்சை வந்து தங்கச்சியோடை தேத்தண்ணி குடிச்சனான்."

"ஒரு வருசமா என்னை விசரனாக்கிப் போட்டீர்."

நாகேஸ்வரி குட்டியை விட்டுவிட்டுக் கிட்ட வந்தாள். "வேலையை விட்ட புதுசிலை வீட்டுக் கேற்றடியிலை நிண்டு போற பஸ்ஸுக்கெல்லாம் மணி பாத்தனீங்கள். சோறு இறங்கேல்லை. கதை பேச்சும் இல்லை. அந்தக் கொப்பியைத் திறந்த பிறகுதான் 'பசிக்குது' எண்டு சோறு கேட்டனீங்கள். அதை நிப்பாட்ட எனக்கு மனம் வரேல்லை."

அவர் சால்வையால் மூக்கைத் துடைத்தார். ஆடுகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"சரி. வருசத்துக்கு ஒருக்கா. இண்டைக்கு வருசம் முடிஞ்சுது. இதையாவது நான் செய்யிறன்."

"நீங்கள்தான் செய்யோணும்."

உட்காரக் கதிரை வந்தது. பவுண் விலை, வைப்பு வட்டி, ஆட்டு விலை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினார். பிறகு பஸ் அனுப்பும் அதே கம்பீரத்தோடு கையை உயர்த்தினார்.

"ஏழு ஆட்டை விக்கோணும்!"

வாசலில் சின்ன லொறி ஒன்று ஹோன் அடித்தபடி வந்து நின்றது. ஆட்டு வியாபாரி பைறூஸ் கயிற்றோடு குதித்து இறங்கி நேரே நாகேஸ்வரியிடம் வந்தான்.

"அக்கா, நேற்று போனிலை சொன்ன ஏழும் எதெது?"