பல்லேகமைக்கு வந்த வான்

நாலு இங்கிலீஷ் வார்த்தை கற்றுக்கொண்டால் அதை யார் தலையிலாவது கொட்டாமல் எனக்குத் தூக்கம் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வியாதி ஒரு குடும்பத்தையே கல்யாணத்துக்குப் போகவிடாமல் செய்தது.

எங்கள் முதலாளிக்கு மாத்தளையிலும் யட்டவத்தையிலும் பல்லேகமையிலும் மிளகு, கராம்புக் கடைகள். மூன்று கடைக் கம்ப்யூட்டர்களையும் ஒன்றாக இணைக்கும் ஏற்பாட்டுக்கு ‘எஸ்டி வான்’ என்று பெயர். கேபிள் ஒன்று, சிம் ஒன்று. ஒன்று செத்தால் மற்றது தானாகவே வேலையை எடுத்துக்கொள்ளும். பொருத்தும் பொறுப்பு எனக்கு. (சரியாகப் பொருத்தினால்தான் வேலை நிரந்தரம்.)

பல்லேகமைக் கடையைப் பார்த்துக்கொள்ளும் ரபீக் நானாவுக்கு முதல்நாள் போன் செய்தேன்.

“நாளைக்கு எஸ்டி வான் வருது நானா.”

“புதுசா தம்பி?”

“புத்தம் புதுசு!”

“வழியில மரம் கிரம் விழுந்து கிடந்தா?”

“ஒரு பாதை அடைபட்டா தானாவே மத்த பாதையில போயிரும்.”

“நெரிசலாயிருமே?”

“முக்கியமானது முன்னுக்குப் போகும். நீங்க சொல்ற ஒழுங்குதான்.”

“அப்ப பொம்பளைங்க முன்னுக்கு.”

(கடையில் ஏதோ பெண்கள் கணக்கு இருக்கிறது என்று நினைத்து, “அப்படியே போட்டுருவோம்” என்றேன்.)

மறுநாள் மோட்டார் சைக்கிளில் பெட்டியோடு போய் இறங்கினால், கடை வாசலில் பட்டுச் சேலைகள், அத்தர் வாசனை, சட்டி நிறைய வட்டிலப்பம். நானாவின் தங்கச்சி மகளுக்கு மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு மாத்தளையில் நிக்காஹ். என் வானை முதலாளி அனுப்பும் வண்டி என்று நம்பி, இருந்த ஒரே காலை பஸ்ஸையும் விட்டுவிட்டார்கள்!

“வான் எங்க தம்பி?”

பெட்டியைக் காட்டினேன்.

“இதுக்குள்ள யாரு உக்கார்றது?” என்று கேட்ட நானாவின் மனைவி (எனக்கு ராத்தா, அக்கா மாதிரி) அழுதேவிட்டார். “நான் தூக்கி வளத்த புள்ள அது.”

ஊர் முழுக்கத் தேடியும் ஒரு வாகனம் கிடைக்கவில்லை. கல்யாணத்தைத் திரையிலாவது காட்டலாம் என்று அவசர அவசரமாகப் பெட்டியைப் பொருத்தினேன். (எந்த வயரை எதில் குத்தினேன் என்று இன்றும் சொல்லத் தெரியாது.) மாத்தளை உறவுக்காரர் ஒருவர் போனைத் தூக்கிப் பிடிக்க, கடைக் கம்ப்யூட்டரில் பந்தல் தெரிந்தது. பெண்கள் முன்னுக்கு உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிய நேரம் பார்த்து கேபிள் செத்தது. படம் நின்றது. என் உயிரும் நின்றது. “அல்லாஹ்!” என்றார் ராத்தா. அதற்குள் சிம் பிடித்துக்கொண்டது. ஏற்றுக்கொண்டேன் என்று மாப்பிள்ளை சொன்னது தெளிவாகவே கேட்டது. ஊருக்கெல்லாம் விளக்கிய நான், அன்றைக்குத்தான் அதை நம்பினேன்.

ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வான் வந்திருச்சுங்க” என்றார். கடையே சிரித்தது. வட்டிலப்பத்தின் முதல் துண்டு எனக்குத்தான்.

அப்போது முதலாளி நானாவின் போனில் வந்தார். தொலைந்தேன் என்று நின்றேன்.

“நேரத்துக்கு வந்திச்சு முதலாளி,” என்றார் நானா. “பொடியன் கெட்டிக்காரன்.”

இன்று என் வீட்டில் எரியும் அடுப்பு அந்த ஒரு வாக்கியத்தில்தான் எரிகிறது. அந்தக் குடும்பத்தை நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது. அவர்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் அழைப்பிதழ் எனக்குத்தான். அதன் கீழே நானா தன் கையால் எழுதியிருப்பார்:

“தம்பி, குடும்பத்தோட கட்டாயம் வாங்க. நாங்க பஸ்ஸிலயே போறோம்.”