அம்புக்குறி வழியே ஒரு மன்னிப்பு

"இன்னிக்கு என்னக்கா சொன்னாங்க?" எழிலன் வாசலுக்கே ஓடி வந்தான்.

மீன்காரி செல்லக்கண்ணு கூடையை இறக்கினார். "உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்களாம், தம்பி. சங்கரா இருக்கு, போடவா?"

"போடுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எழிலன் படித்த நுணல். தலத்தெரு வீட்டிலிருந்தே ஃபங்ஷனல் புரோகிராமிங் என்கிற கணினி வேலை பார்ப்பவன். கேட்டகரி தியரி என்கிற கணிதத்தைக் கரைத்துக் குடித்தவன். நாள் கிழமை பார்க்காதவன். "சாம்பார் எப்படிங்க இருக்கு?" என்று வினோதா ஆசையாகக் கேட்டாள். "கணக்குல நல்ல ஃபங்ஷன் ஒரே கேள்விக்கு ஒரே பதில்தான் தரும். நேத்து சொன்னதையே வச்சுக்க" என்றான். அன்றே அவள் விழிதியூருக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். போனையும் எடுக்கவில்லை.

கெடுத்த கணிதமே காப்பாற்றும் என்று நம்பினான். அந்தக் கணிதத்தில் எல்லாமே அம்புக்குறிகள்தான்: தன்னிடமிருந்து செல்லக்கண்ணுவுக்கு ஓர் அம்புக்குறி, அவரிடமிருந்து வினோதாவுக்கு இன்னொன்று. இரண்டையும் கோத்தால் மன்னிப்பு போய்ச் சேர்ந்தே தீரவேண்டும்.

"விழிதியூரா? தினம் போற ஊருதானே" என்றார் செல்லக்கண்ணு. அன்றிலிருந்து எழிலன் தினமும் அவரிடம் மீன் வாங்கினான்.

முதல் நாள் பதில்: "மன்னிப்பை மீன்கூடையிலயா அனுப்புவாங்கன்னு கேட்டாங்க."

வழியில் வார்த்தை மாறுகிறதோ? மோனாட் என்கிற கணித முறைப்படி, நடுவில் யாரும் பிரிக்காதபடி உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்தான்.

"கவிச்சி அடிக்குதுன்னு அடுப்புல போட்டுட்டாங்க, தம்பி."

உறைக்குள் உறை வைத்தான். அதற்குத்தான் இன்றைய பதில்.

அவன் கண் கலங்கிவிட்டது. வினோதா இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

செல்லக்கண்ணு மீனைப் பையில் போட்டு நீட்டினார். "நடுவுல ஆளு எதுக்கு? நேரா போங்க தம்பி."

மீன் பையோடு வண்டியைக் கிளப்பினான்.

விழிதியூரில் வினோதா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"நீ தினமும் கேளு வினோ. தினமும் புதுசா சொல்றேன்."

அவள் முகம் மலர்ந்து, உடனே சிணுங்கியது. "இதைச் சொல்ல அஞ்சு நாளா? ஒரு வார்த்தை சொல்லியனுப்பக்கூடத் தோணலியா?"

"செல்லக்கண்ணு அக்காகிட்ட தினமும் அனுப்பினேனே! நீதானே உறையை அடுப்புல போட்டே?"

"எந்த உறைங்க?"

மாமனார் கோவிந்தராசு மீன் பையைப் பார்த்து இரண்டடி தள்ளி நின்றார்.

"புரட்டாசியில இந்தத் தெருவே கவிச்சி தொடாது, மாப்ள. மாசம் பொறந்ததுலேர்ந்து செல்லக்கண்ணு இந்தப் பக்கமே வரலியே!"