வியாழக்கிழமை போட்ட மூன்று கையெழுத்து

ஊரடங்குக் காலத்தில் தொம்மலூர் முழுவதிலும் இன்று என்ன கிழமை என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே மனிதர் வியாழக்கிழமைதான். அதுதான் அவருக்கு நாங்கள் வைத்த பெயர். ஆதார் அட்டையில் வேறு பெயர் இருந்திருக்கும்; நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். எங்கள் கட்டடத்தின் கீழ் வீட்டில் தனியாக இருந்தார். மாடியில் நான். எனக்கு இருந்த அதே சோரியாசிஸ் தோல் நோய் அவருக்கும். சட்டையைக் கழற்றினால் அவர் முதுகில் கர்நாடகா மேப், என் முதுகில் தமிழ்நாடு. "நடுவுல காவிரி ஒண்ணுதான் பாக்கி" என்பார்.

இருவருக்கும் மருந்தும் ஒன்றே. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மாத்திரை. வியாழன் காலை எட்டு மணி. மறந்தால் தோல் உதிரும், மறதியில் மறுநாளும் போட்டால் ஆளே உதிர்ந்துவிடுவீர்கள் என்று டாக்டரம்மா மிரட்டி வைத்திருந்தார்.

ஊரடங்கில் டாக்டரம்மா போனுக்குள் போய்விட்டார். முதுகை வீடியோவில் காட்டச் சொன்னார். வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்று கீழ்வீட்டு வியாழக்கிழமை மொட்டை மாடியில் சட்டையைக் கழற்றினார். நான் வீடியோ பிடித்தேன். எதிர் மாடியில் வடாம் காயவைத்தவர்கள்கூட வைத்தியம் சொன்னார்கள். ஓனரம்மாதான் பதறினார்.

"அது கொரோனாவோ என்னவோ! ரெண்டு பேரும் படியில நடக்காதீங்க."

"பறந்தா போறது? இது ஒட்டாதும்மா. பன்னெண்டு வருசமா யாருக்காவது குடுத்துரலாம்னு பாக்கறேன், ஒருத்தரும் வாங்கமாட்றாங்க" என்றார் வியாழக்கிழமை.

அவர் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். வேலையைச் செய்தவர் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவார், கண்ணால் பார்த்தவர் பக்கத்துக் கட்டத்தில் போடுவார். அதை அப்படியே எங்கள் மாத்திரைக்குக் கொண்டுவந்துவிட்டார். வியாழன் தோறும் எட்டு மணிக்கு அவர் கீழ்ப்படியில், நான் மேல்படியில். மாஸ்க்கை இறக்கி, விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அப்புறம்தான் கட்டம் போட்ட நோட்டு கையெழுத்துக்கு வரும்.

ஒருமுறை எட்டு மணிக்கு இரண்டு நிமிஷம் முன்பே விழுங்கிவிட்டேன். காலியான மாத்திரை அட்டையைக் காட்டினேன். மனிதர் அசையவில்லை.

"நான் பாத்தேனா? பாக்காததுக்கு சைன் போட்டா எங்க பேக்டரில எவனுக்காவது விரல் போயிரும்." என் கட்டத்தில் சிவப்புக் கோடு விழுந்தது.

இது என்ன கிறுக்குத்தனம் என்று நினைத்தேன். ஆனால் என் ஆபீஸ் லேப்டாப்பில் எப்போதும் அமெரிக்க கிளையன்ட்டின் நேரம்தான் ஓடும். ஒரு நாள் காலை அதன் மூலையில் வியாழன் என்று இருந்தது. தூக்கமில்லாத தலை, அதை நம்பியது. மாத்திரையோடு படிக்கு வந்தேன்.

"இன்னா குரு கையில?"

"வியாழக்கிழமை ஆச்சேண்ணா? லேப்டாப்ல பாத்தேன்."

"அமெரிக்காவுல வியாழன். உன் தோலு தொம்மலூர்ல கீது. இங்க வெள்ளி!"

நோட்டைத் திறந்து நீட்டினார். நேற்றைய தேதி, என் கையெழுத்து. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அவருக்கே காய்ச்சல் வந்தது. ஆம்புலன்ஸில் ஏறும்போது நோட்டைப் படியில் வைத்துவிட்டுப் போனார். வியாழன் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

"காய்ச்சல் போறவரைக்கும் மாத்திரை வேணாம்ட்டாரு டாக்டரு. என் லைன்ல மெஷின் நிறுத்தம்னு எழுது. உன்து ஆய்த்தா?"

"ஆச்சுண்ணா."

"யாரு பாத்தது?" என்றார். இருமல் வந்து போன் கட்டாகிவிட்டது.

அடுத்த வியாழன் குரல் பாதியாகிவிட்டது. மூன்றாம் வியாழன் போனே வரவில்லை. எட்டு மணிக்கு மேல்படியில் நின்று விழுங்கி, காலியான கீழ்ப்படிக்கு நாக்கைக் காட்டினேன். வெளியே வந்த ஓனரம்மா படாரென்று கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

அதற்கடுத்த திங்கள் வந்து இறங்கினார். பாதி உடம்புதான் இருந்தது. மாத்திரை நின்றதில் முதுகு மேப் கழுத்து வரை விரிந்திருந்தது. வந்ததும் வராததுமாக நோட்டைக் கேட்டார். என் வரிசையில் பார்த்தவர் கட்டம் மூன்று காலியாக இருந்தது.

"மூணு வாரமும் போட்டியா?"

"போட்டேண்ணா." பழக்க தோஷத்தில் நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

"நாக்க உள்ள போடுபா." பேனாவைத் திறந்து, மூன்று கட்டத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவர் வீடு மாறி ஆனேக்கலில் இருக்கிறார். வியாழன் காலை எட்டுக்கு வீடியோவில் வந்து என் நாக்கைப் பார்க்கிறார். பார்க்காமலே போட்ட மூன்று கையெழுத்து இருக்கும் அந்தப் பழைய நோட்டை நாலு தடவை கேட்டுவிட்டார். நான் கொடுப்பதாக இல்லை.