புள்ளி பூஜ்யம் ஐந்து மைல்

படிவத்தின் ஏழாவது கேள்வியில் நெவில் சக்டன் நின்றுபோனார். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு எவ்வளவு தூரம், மைல் கணக்கில்.

வீடு தெருவின் இந்தப் பக்கம். அலுவலகம் எதிர்ப் பக்கம், கொஞ்சம் தள்ளி. சனிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தார். தொண்ணூறு கஜம். வகுத்துப் பார்த்து 0.05 என்று எழுதினார்.

திங்களன்று பெவர்லி கூப்பிட்டார். கீத்லி ஊரில் ஆக்ராய்டின் லேபிள் அச்சகத்தில் சம்பளம், விடுப்பு, எல்லாப் படிவங்களும் பெவர்லியின் மேசையில்தான் முடியும்.

"நெவில், இதுல புள்ளி இடம் மாறி விழுந்துருச்சா?"

"இல்ல. அளந்துதான் எழுதினேன்."

"எத வச்சு?"

"டேப்ப வச்சு."

பெவர்லி ஜன்னல் வழியாகப் பார்த்தார். நெவில் வீட்டின் பச்சைக் கதவு தெரிந்தது. காலையில் எடுக்க மறந்த பால் பாட்டிலும் தெரிந்தது.

"இந்தத் திட்டத்துக்குப் பேரே வேலைக்கு சைக்கிள்ல போறது. நீங்க ஹெல்மெட் வார மாட்டி முடிக்கறதுக்குள்ள ஆபீஸ் வந்துருமே."

எதற்குத்தான் சைக்கிள் என்று கேட்டார். நெவிலுக்குப் பொய் வராது. ஜாம் பாட்டில், ஊறுகாய் ஜாடி லேபிள்களில் உள்ள பொடி எழுத்துகளைப் படித்துப் பிழை பிடிப்பதுதான் அவர் வேலை. பதினாறு வருடம் அதையே செய்தால் மனிதர் அப்படித்தான் ஆகிவிடுவார். உள்ளதைச் சொன்னார். மகள் டில்லிக்குப் பதினோரு வயது. அம்மாவோடு மலைக்கு அந்தப் பக்கம், பதினெட்டு மைலில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் முறை. பழைய கார் ஜனவரியில் பரிசோதனையில் தேறவில்லை, பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த ஊருக்கு ஞாயிறன்று பஸ் கிடையாது. ஏழு வாரமாகத் தொலைபேசியில்தான் பார்க்கிறார். தொலைபேசியில் டில்லி நெற்றியை மட்டும் காட்டுவாள்.

மொத்தமாகப் பணம் கொடுத்து வாங்க முடியாது. அரசாங்கத்தின் இந்தத் திட்டத்தில் வரி போவதற்கு முன்பே சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

பெவர்லி பேனாவை மூடினார். என்னிடம் விட்டுவிடுங்கள் என்றார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. டெஸ்மண்டின் சைக்கிள் கடையில் அறுநூறு பவுண்டுக்குள் எடுத்துக்கொள்ளலாம். ஹெல்மெட், விளக்கு, பூட்டு எல்லாம் அதற்குள். பில் அலுவலகத்துக்கு வரும்.

டெஸ்மண்டுக்கு அறுபது வயதிருக்கும். முதலில் வேலைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டார். நெவில் சொன்னார். டெஸ்மண்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, அந்த தூரத்துல சைக்கிளத் திருப்பக்கூட முடியாது."

மலையைப் பற்றிச் சொன்னதும் மனிதருக்கு உயிர் வந்தது. கார்பன் சைக்கிள் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். பூனையைவிட லேசாக இருந்தது. நெவில் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போலத் திருப்பி வைத்தார். அடுத்தது அலுமினியம், மழையிலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக். அதை எடுத்தால் ஹெல்மெட்டுக்குப் பதில் தொப்பிதான் போட வேண்டியிருக்கும். இன்னொன்று விலை சரி, ஆனால் கியர் சமவெளிக்காரர்களுக்கானது.

"பிரேக்குக்கும் பெயின்ட்டுக்கும் காச அழாத. பின்சக்கரத்துல பெரிய பல்சக்கரம் இருக்கணும். அதுதான் முழங்காலக் காப்பாத்தும்" என்று சொல்லிக் கடையின் பின்பக்கம் போனார். தூசி தட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். கடுகு மஞ்சள். மேலே கத்தரிப்பூ நிறத்தில் பட்டைகள். இரண்டு வருடத்துக்கு முந்தைய மாடல், நிறத்தால் விலைபோகாமல் நின்றது, அதனால் பாதி விலை.

நெவில் தயங்கினார்.

"சீட்டுல உக்காந்தா நிறம் உனக்குத் தெரியாது தம்பி. அது எதிர்ல வர்றவன் பாடு."

முதல் ஞாயிறு மலையைத் தாண்ட இரண்டரை மணி நேரம் ஆனது. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினார். ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. டில்லி கேட்டருகே நின்றிருந்தாள். சைக்கிளைச் சுற்றி வந்து, இதை யாரும் திருட மாட்டார்கள் என்று ஆறுதல் சொன்னாள். இருவரும் ஆயிரம் துண்டுப் படப் புதிர் ஒன்றைத் தொடங்கினார்கள். கலங்கரை விளக்கம். மாலைக்குள் ஒரு மூலை முடிந்தது. வெகு நாளைக்குப் பிறகு நல்ல நாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் நெவில் திட்டத்தின் விதிப் புத்தகத்தை எடுத்தார். இந்த நாட்டில் அதை வாங்கியவர்கள் லட்சம் பேர் இருக்கலாம், படித்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஒன்பதாம் பக்கம், அடியில், பொடி எழுத்து: சைக்கிளின் உபயோகத்தில் பாதிக்கு மேல் வேலைக்குப் போய்வரும் பயணமாக இருத்தல் வேண்டும்.

ஞாயிறு போக வர முப்பத்தாறு மைல். அலுவலகத்துக்கு வாரம் முழுவதும் போய்வந்தால் அரை மைல்.

நெவில் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். அவர் அரசாங்கத்தை ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

செவ்வாய் காலை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே திரும்பத் திரும்ப ஓட்டினார். பன்னிரண்டாவது தடவை, நாயோடு வந்த அடுத்த வீட்டு லம்ப் அம்மாள், எதையோ தொலைத்துவிட்டாரென்று நினைத்துத் தானும் தரையைப் பார்த்துத் தேட ஆரம்பித்தார். இருபதாவது தடவையில் நாயும் தேடியது. இவ்வளவுக்கும் சேர்ந்தது ஒரே ஒரு மைல்தான் என்று நோட்டில் எழுதிவிட்டு அந்த முறையைக் கைவிட்டார்.

வேலைக்குப் போகும் வழி குறுக்கு வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. புதன் முதல் காலை ஆறரைக்குப் புறப்பட்டு, எதிர்த் திசையில் போய், நீர்த்தேக்கத்தைச் சுற்றி எட்டு மைல் ஓட்டி, எதிர்வீட்டுத் தூரத்தில் இருந்த அலுவலகத்துக்கு வியர்த்து வழிய வந்து சேர்ந்தார். ஐந்து நாளுக்கு நாற்பது. முப்பத்தாறைவிட அதிகம்.

ஒருநாள் முதலாளி ஆக்ராய்டு சீக்கிரம் வந்தார். பச்சைக் கதவைப் பூட்டிவிட்டு நெவில் மறுபக்கம் மிதித்துப் போவதைக் கண்டு காரை நிறுத்தினார்.

"எங்கய்யா போற?"

"வேலைக்குத்தான்."

ஆக்ராய்டு அலுவலகத்தைப் பார்த்தார். நெவிலைப் பார்த்தார். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் வாரம் நெவில் மேசையிலேயே கண்ணசந்தார். வினிகரில் ஊறிய வெங்காய ஜாடிக்கு 'நன்றாகக் குலுக்கிக் குடிக்கவும்' என்று மூவாயிரம் லேபிள் அச்சாகிவிட்டது. பதினாறு வருடத்தில் அவர் விட்ட முதல் பிழை. யாரும் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எல்லாரும் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். தேநீரில் யாரோ கேட்காமலே இரண்டு சர்க்கரை போட்டுக் கொடுத்தார்கள்.

பண்டிகை விடுமுறையில் திங்கட்கிழமை போனது. அந்த வாரம் மற்ற நான்கு நாளும் பத்து மைல் ஓட்டினார்.

ஞாயிறு மலையேறி வந்தவர், புதிரில் கடல் துண்டு ஒன்றைத் தேடிக்கொண்டே சோபாவில் சாய்ந்தார். விழித்தபோது டில்லி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாகவே வானம் முழுவதையும் முடித்திருந்தாள்.

"போன வாரம் நாப்பது நிமிஷம். இன்னிக்கு ஒண்ணேகால் மணி நேரம்."

நெவில் மன்னிப்புக் கேட்டார்.

"வரலேன்னாக்கூடப் பரவால்லப்பா. வந்து தூங்கினாத்தான், நான் போரடிக்கிறேனோன்னு இருக்கு."

திரும்பும்போது இறக்கத்தில்கூட அவர் மிதித்துக்கொண்டே வந்தார்.

செவ்வாயன்று சம்பளச் சீட்டு வந்தது. மூன்றாவது மாதம். சைக்கிளுக்கென்று இன்னும் ஒரு பென்னிகூடப் பிடிக்கவில்லை. முதல் மாதம் தாமதம் என்று நினைத்தார், இரண்டாம் மாதம் மறதி என்று நினைத்தார். இப்போது புரிந்தது. அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளைத் திட்டத்துக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள், அலுவலகத்தில் முகத்துக்கு நேரே சொல்ல நாகரிகம் பார்க்கிறார்கள்.

சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, உருட்டிக்கொண்டு நேராக ஆக்ராய்டின் அறைக்குள்ளேயே போனார். பெவர்லி அங்கே ஏதோ கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நெவில் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். மைல் எழுதிய நோட்டை மேசையில் வைத்தார். ஒன்பதாம் பக்கத்தை ஒப்பித்தார். நீர்த்தேக்கத்தைச் சுற்றுவது நேர்மையான பயணம்தானா என்று தனக்கே சந்தேகம் உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஓட்டிய மூன்று மாதத்துக்கு வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, சைக்கிளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஹெல்மெட்டைக் கழற்றி நோட்டின்மேல் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை அங்க போறதுக்கு?" என்றார் பெவர்லி.

"நடந்து பாக்கறேன்."

ஆக்ராய்டு நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு நாளும் மைல், மழை, காற்றின் திசை. அவர் காது சிவந்தது. தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே, "நீயே சொல்லும்மா" என்றார்.

பெவர்லி ஹெல்மெட்டை எடுத்து நெவிலின் கையில் திரும்பக் கொடுத்தார்.

"உங்க படிவம் அன்னிக்கே குப்பைக்குப் போயிருச்சு நெவில்; மார்ச்ல பணம் சேக்க ஒரு கவர் ஆபீஸ் பூரா சுத்தி வந்துச்சே, யாருக்குன்னு கேக்காம நீங்ககூட அஞ்சு பவுண்டு போட்டீங்களே, அந்தக் கவர்தான் இந்த சைக்கிள்."